தந்தை பெயர் என்ற கட்டத்தில் என் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன்

பாலாற்றங்கரை கேட்டது:

ஆற்காட்டில் இருக்கிறேன். வயது 31. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கட்டிங் பிரிவில் வேலை. மகள் பிறந்து நாலரை மாதம் ஆகிறது. இதை நேரில் யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் "புள்ள பொறந்த சந்தோஷத்துல இருக்க வேண்டியவன் என்னடா பேசற" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் மகளின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் சேர்க்கப் போயிருந்தேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தாகிவிட்டது, ஆனால் அப்போது பெயர் வைத்திருக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் நிதானமாகத்தான் போனேன். படிவத்தை வாங்கி நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த அம்மா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, தந்தை பெயர்ன்ற எடத்துல கொழந்தையோட அப்பா பேர எழுதணும். இது யார் பேரு?"

பார்த்தால் நைனாவின் பெயர். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, லைசென்ஸ், பி.எஃப்., கல்யாணப் பதிவு என்று இத்தனை வருடமாக அந்தக் கட்டத்தில் நான் எழுதிய பெயர் அது ஒன்றுதான். கை தானாகவே எழுதிவிட்டது. அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கலாம். ஆனால் நைனா இறந்து 12 வருடம் ஆகிறது. அவர் பெயர் மேல் கோடு போடக் கை வரவில்லை. வேறு படிவம் வாங்கி எழுதினேன். அப்புறம் மகளின் இனிஷியல். என் பெயரின் முதல் எழுத்து. இவ்வளவு நாள் முழுப் பெயராக இருந்தவன் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக இன்னொருத்தர் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து பைக்கில் ஏறியவன் ஸ்டார்ட் செய்யாமல் கால் மணி நேரம் அப்படியே இருந்தேன்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. நான் இப்போது யார்?

பிரசவம் ஆரணியில், மனைவியின் ஊரில். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் மாறாத வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப் போய்விட்டார்கள். வலி எடுத்த அன்று நான் வேலையில் இருந்தேன். தகவல் வந்து, திமிரி வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மகள் பிறந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. மாமியார் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அழுகை வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை.

என்ன செய்தேன் தெரியுமா? கட்டிங்கில் தோலை மேசையில் விரித்ததும் முதல் வேலை குறை தேடுவது. உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு, வயிற்றுப் பக்கத்துத் தொளதொளப்பு. அதையெல்லாம் விலக்கி, தோலின் இழுவை எந்தப் பக்கம் என்று பார்த்து டை, அதாவது வெட்டும் அச்சு, வைக்க வேண்டும். இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒத்துப்போக வேண்டும். ஒன்பது வருடம் பழகிய கண். மகளைக் கையில் வாங்கியதும் அந்தக் கண் அதே வேலையைச் செய்தது. விரல்களை எண்ணினேன். காது மடலைப் பார்த்தேன். துணியை விலக்கி முதுகைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நீலமாக ஒரு திட்டு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளையிடம் குறை தேடினேனே என்று இன்றுவரை மனசு அறுக்கிறது.

அப்புறம் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை அப்பா. மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கு 15 நாள் லீவு உண்டு, எங்களைப் போல் தனியாரில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை பழம், டயபர் பாக்கெட் என்று வாங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி போய் வந்தேன். நான் தூக்கினால் அழுவாள். உடனே யாராவது வாங்கிக்கொள்வார்கள். இப்போது ஆற்காட்டுக்கே வந்துவிட்டார்கள். வீட்டில் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறாள். நான் எழுந்தால் "நீங்க படுங்க, காலைல வேலைக்குப் போவணும்" என்கிறாள். கையில் தோல் வாசம் லேசில் போகாது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனால் அதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறது.

ஆனால் வெளியில் நான் பழைய ஆளாக இல்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரை புரண்டு போனபோது நண்பர்களோடு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வீடியோ எடுத்தவன் நான். பயம் என்பதே இல்லை. இப்போது அதே பாலத்தில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போதும் 30க்கு மேல் வண்டி போகவில்லை. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. ஞாயிறு காலை மணலில் கிரிக்கெட் ஆடுவோம், பள்ளிக்கூட நாளிலிருந்து. போகக்கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. எனக்கே போகத் தோன்றவில்லை. யாராவது தடுத்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். ஆசையே போய்விட்டது என்பதுதான் பயமாக இருக்கிறது.

பழைய ஆள் போய்விட்டான். அப்பா என்று ஒருத்தன் வந்த மாதிரியும் தெரியவில்லை. பெரியவர்கள், பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கு இப்படி இருந்ததா? எப்போது சரியானது?

—

வாணியம்பாடி ஆட்டோ எழுதியது:

அண்ணா, எனக்கு இதைவிட மோசம். மகன் பிறந்தபோது நான் வளைகுடாவில். முதல் முறையாகத் தொட்டபோது அவனுக்குப் பதினோரு மாதம். வீடியோ காலில் தினமும் பார்த்த முகம்தான், ஆனாலும் நான் வீட்டுக்குள் வந்ததும் அவன் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அவன் அப்பா அதற்குள் இருந்தார். நான் யாரோ ஓர் ஆள்.

திரும்பிப் போகவில்லை. ஆட்டோ வாங்கிவிட்டேன். பழக இரண்டு மாதம் ஆனது. இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் ஒரு சவாரி அவனுக்கு, ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். நாலரை மாதம் ஒன்றுமே இல்லை அண்ணா, அவசரப்படாதீர்கள்.

—

மல்லாட்டைக் கொல்லை எழுதியது:

தம்பி, நான் செய்யாறு பக்கம். வயது 54. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், எங்களைத் திருவண்ணாமலையில் சேர்த்தார்கள். இருந்தாலும் யாராவது ஊர் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வடாற்காடு என்றுதான் வாயில் வருகிறது. இரண்டு ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறேன். பங்குனி தொடங்கி ஆடி முடியக் கூத்து. 18 வயதில் காலில் சலங்கை கட்டினேன். புரிசை மாதிரி ஊர்கள் கூத்துக்குப் பேர்போன சீமை இது, அதனால் என்னைப் பெரிய கலைஞன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜமாவில் ஆடுகிறவன், அவ்வளவுதான்.

என் மகள் 2000இல் பிறந்தாள். அன்றைக்கு நான் பக்கத்துத் தாலுகாவில் பாரதக் கூத்தில் இருந்தேன். பதினெட்டு ராத்திரிக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது, ஆறாவது ராத்திரி நடக்கிறது. விடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறி, பிள்ளையைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை தம்பி. பஸ்ஸில் தூக்கம்தான் வந்தது. அதற்காக நானும் ரொம்ப நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். அதனால் உன் எழுத்தைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன், மகள்தான் இந்தப் போனை வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பாரதத்தில் அபிமன்யு சண்டை ராத்திரி. நான் அர்ஜுனன் கட்டுவேன், கட்டை வேஷம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம். மகன் செத்த சேதி கேட்டு அர்ஜுனன் புலம்புகிற இடம். ஏழெட்டு வருடமாக அந்தப் பாட்டைப் பாடி ஜனங்களை அழவைத்தவன் நான். எந்த அடியில் குரலை இறக்கணும், எங்கே முகவீணைக்கு இடம் விடணும் என்பதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அந்த ராத்திரி இரண்டாவது அடியில் தொண்டை அடைத்துவிட்டது. கண்ணில் நிஜமான தண்ணீர். பின்பாட்டுக்காரர்தான் எடுத்துப் பாடிச் சமாளித்தார்.

விடிந்து வேஷம் கலைக்கும்போது வாத்தியார் வந்தார். தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். திட்டினார். "அழறது ஜனங்க வேல. நீயும் ஒக்காந்து அழுதா பாட்ட யாருடா பாடறது?" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதன் மற்றொரு பாதி எனக்குப் பிடிபட நாள் ஆனது. பிள்ளை பிறந்த அன்று அழாதவன் அப்பா இல்லை என்றும் கிடையாது, ஒரு வருடம் கழித்து அழுதுவிட்டதால் அப்பா ஆகிவிட்டான் என்றும் கிடையாது. கண்ணீரை வைத்து இதை அளக்கவே முடியாது தம்பி.

எனக்கு என்ன வேலை செய்தது என்று கேட்டால், ராத்திரி. மகள் ராத்திரி முழுக்க அழுவாள், பகலில் தூங்குவாள். அவள் அம்மா பகல் பூரா கழனி, மாடு, சமையல் என்று ஓடிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். கூத்து இல்லாத மாதங்களிலும் எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது, அத்தனை வருடம் கண் முழித்துப் பழகிய உடம்பு. அப்போது நான் சொன்னேன், பால் குடித்ததும் என்னிடம் கொடு, விடியும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடப்பேன். தாலாட்டு எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கூத்துப் பாட்டு. துரியோதனன் சபைக்கு வருகிற பாட்டைக் குரலைத் தணித்துப் பாடினால் தூங்கிவிடுவாள். அப்பா ஆவதற்கு நான் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது.

நீ பழைய ஆள் போய்விட்டான் என்கிறாய். இதற்கும் ஒன்று சொல்கிறேன். மகளுக்கு ஒன்றேகால் வயது இருக்கும். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் கூத்து. அவள் அம்மா தூக்கிக்கொண்டு வந்து, திரைக்குப் பின்னால் நான் வேஷம் கட்டி முடித்து உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்துவிட்டாள். முகம் முழுக்க அரிதாரம், பெரிய மீசை, தலையில் கிரீடம். பிள்ளை என்னைப் பார்த்து வீறிட்டாள் பார், மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் பயந்து போய் "என்னா கண்ணு, நான்தாம்மா" என்றேன். சட்டென்று அழுகை நின்றது. அப்படியே என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி என் வாயைத் தொட்டாள், குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற மாதிரி. உதட்டுச் சாயம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

உனக்கு உன் முகம்தான் தம்பி இப்போது அடையாளம் தெரியவில்லை. ஹெல்மெட் போடுகிறாய், மெதுவாகப் போகிறாய், மணலுக்குப் போகவில்லை. இது யாரென்று கண்ணாடியில் பார்த்துப் பயப்படுகிறாய். ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் தோல் பற்றி எழுதும்போது மட்டும் உன் குரல் தெளிவாக இருக்கிறது. இழுவை எந்தப் பக்கம் என்று விரலால் தெரிந்துகொள்கிற ஆள் நீ. அந்த விரலுக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. மூன்று முறை கழுவிவிட்டு ஓரமாக நிற்கிறது. ஒரு வேலையைக் கேட்டு வாங்கு. உதவி செய்கிறேன் என்று போகாதே, அதை உன் மனைவிக்கும் அம்மாவுக்கும் வாயால் சொல்லி முழுசாக உன்னிடம் எடுத்துக்கொள். அவர்கள் "உனக்கு வராது" என்பார்கள். இருக்கட்டும்.

நைனா பெயரை எழுதியதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை. அந்த முதல் படிவத்தைக் கிழித்துவிட்டாயா, வைத்திருக்கிறாயா? இருந்தால் பத்திரமாக வை.

—

வார்டு அக்கா எழுதியது:

தம்பி, வேலூர்ப் பக்கம் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கூத்து அண்ணா மனசுக்குச் சொல்லிவிட்டார், நான் என் வேலையிலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் குறை தேடினேன் என்றீர்களே, குழந்தை பிறந்ததும் நாங்கள் செய்வதும் அதேதான். தலையிலிருந்து கால்வரை பார்ப்போம். விரலை எண்ணுவோம், வாய்க்குள் அண்ணத்தைப் பார்ப்போம், குப்புறத் திருப்பி முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுவோம், இடுப்பு மூட்டை அசைத்துப் பார்ப்போம். நீங்கள் முறையாகக் கற்காமலே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பார்த்திருக்கிறீர்கள். அந்த நீலத் திட்டு நம் குழந்தைகளில் நிறையப் பேருக்கு இருக்கும். ஒன்றும் செய்யாது, சில வருடத்தில் தானாக மங்கிவிடும். இதை நாலரை மாதம் மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்களே, யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா?

இரண்டாவது, தொடுவது. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கங்காரு முறை என்று ஒன்று செய்கிறோம். துணி இல்லாமல் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்வது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க இருக்கிறது. அம்மாவுக்கு முடியாதபோது அப்பாவை உட்கார வைப்போம். சட்டையைக் கழற்றச் சொன்னால் கூச்சப்படுவார்கள். மார்பில் முடி இருக்கிறதே, குத்துமே என்பார்கள். ஒருத்தர், லாரி ஓட்டுகிறவர், 1 கிலோ 600 கிராம் குழந்தையை வைத்ததும் மூச்சைக்கூடச் சின்னதாக விட்டார். "நல்லா மூச்சு விடுங்க, உங்க நெஞ்சு ஏறி எறங்கறது அதுக்கு நல்லது" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து நான் எடுக்கப் போனால் கொடுக்க மனசு வரவில்லை அவருக்கு. உங்கள் மகள் எடை எல்லாம் சரியாக இருக்கலாம், ஆனால் இதை வீட்டிலும் செய்யலாம். வெயில் நாளாக இருந்தால் சாயங்காலத்தில்.

உடம்பும் மாறுகிறது தம்பி. பிலிப்பைன்ஸில் 600க்கு மேற்பட்ட இளைஞர்களைச் சில வருடம் தொடர்ந்து கவனித்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. உங்கள் வண்டி 30இல் போவதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாறுவது மனசு மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு அம்மாவுக்கு மட்டும் வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் எழுதியதில் சுமார் பத்து அப்பாக்களில் ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்தது. கிரிக்கெட்டுக்குப் போகத் தோன்றவில்லை என்பது தூக்கமில்லாத அலுப்பாகவும் இருக்கலாம். ஆனால் எதிலுமே ஆசை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன என்று தோன்றுகிறது, இப்படி இரண்டு வாரம் தொடர்ந்தால் யோசிக்காமல் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

மனைவியிடம் இதைச் சொன்னீர்களா? ஊருக்கெல்லாம் எழுதிவிட்டீர்கள், அவருக்குச் சொன்னதாக எங்கேயும் இல்லை.

—

பாலாற்றங்கரை எழுதியது, மூன்று வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதுவதற்கு முன்னால் ஏதாவது செய்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

அக்கா கேட்ட அன்று இரவே மனைவியிடம் சொன்னேன். படிவம், இனிஷியல், பிறந்த அன்று ஒன்றும் தோன்றாதது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள், "என் இனிஷியல் மூணு வருஷம் முன்னாடியே மாறிடுச்சு. ஆதார்ல உங்க பேரு, பேங்க்ல உங்க பேரு. எங்கப்பா எழுத்த எடுத்துட்டு உங்க எழுத்த போட்டாங்க. அன்னிக்கி நான் எந்த வண்டில போய் ஒக்காந்திருப்பேன்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாளும் இதை நான் யோசித்ததில்லை. அந்த எழுத்துகளை மாற்றக் கூடவே போய் வரிசையில் நின்றவன் நான். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கும் பிள்ளை பிறந்த அன்று அலுப்பும் வலியும்தான் இருந்ததாம், பாசம் எல்லாம் வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தானாம். அவளிடம் அதை யாரும் கேட்கவில்லை.

கூத்து அண்ணா சொன்னபடி ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது. அம்மாவிடம் சொன்னதும் "ஆம்பள செய்யற வேலையாடா இது, வழுக்குண்டா" என்றார். விடவில்லை. கம்பெனியில் ஒரு வாரத்துக்கு ஷிஃப்ட் மாற்றி வாங்கி, முதல் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் நாள் மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்கால் இரண்டையும் சேர்த்து, முழங்காலில் பழைய துண்டைப் போட்டுக்கொண்டேன். அம்மா மகளை என் கால் மேல் படுக்க வைத்தார்.

எண்ணெய் தடவிய உடம்பு. வழுக்கியது. வயிற்றில் பயம். ஆனால் கொஞ்ச நேரத்தில் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. ஷூவுக்கு வரும் தோல் 1.2 மில்லிமீட்டரா 1.4ஆ என்று அளக்காமலே விரல் சொல்லும். அந்த விரலுக்கு அவள் தொடை மடிப்பு, கழுத்து மடிப்பு, அக்குள் ஒவ்வொன்றும் வேறு வேறு என்று தெரிந்தது. கழுத்து மடிப்புக்குள் பால் வழிந்து புண் ஆகத் தொடங்கியிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு "ஆமாண்டா" என்றார். பயத்தமாவைக் குழைத்து மெதுவாகத் தேய்த்தேன். தலைக்கு ஊற்றும்போது புருவத்துக்கு மேல் உள்ளங்கையை அணை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். அழுதாள்தான். ஆனால் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. துடைத்து, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டதும் என் கழுத்தில் முகத்தைத் தேய்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, என் நைனாவும் ஒரு தரம் என்னைக் குளிப்பாட்டியதாகச் சொன்னார். அம்மாவுக்குக் காய்ச்சலாம். எனக்கு ஒரு வயதுகூட ஆகவில்லையாம். அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. உண்மையா, என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாரா, தெரியாது. நைனா பெயர் எழுதிய படிவம் பைக் பெட்டியில் ஆர்.சி. புக்கோடு இருக்கிறது அண்ணா. கிழிக்கவில்லை.

போன ஞாயிறு மணலுக்குப் போனேன். இரண்டு ஓவர் போட்டேன். பந்து போடுவது இன்னும் பிடித்திருக்கிறது. பத்து மணிக்குக் குளிப்பாட்டும் நேரம், கிளம்பி வந்துவிட்டேன். பாலத்தில் 30தான்.

வார்டு அக்காவிடம் ஒரு சந்தேகம். குளிப்பாட்டி முடித்ததும் அம்மா குழந்தையின் மூக்கிலும் காதிலும் ஊதுகிறார், தண்ணீர் வெளியே வரும் என்று. காதில் எண்ணெயும் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார். என் கையில் வேலை வந்துவிட்டதால் இதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். செய்யலாமா?

—

வார்டு அக்கா எழுதியது:

ஊத வேண்டாம் தம்பி. எண்ணெயும் விட வேண்டாம், மூக்கிலும் சரி, காதிலும் சரி. மெல்லிய பருத்தித் துணியின் முனையால் வெளியே தெரிகிற ஈரத்தை மட்டும் ஒற்றி எடுங்கள், உள்ளே எதையும் நுழைக்காதீர்கள். கழுத்துப் புண்ணுக்குப் பவுடர் போடாதீர்கள், உலர்வாக வைத்திருந்தால் போதும், இரண்டு மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் காட்டுங்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.